கீழ்ப்பாவடித் தெருவுக்கு நான் செய்த நன்மைகள்

எம்.எல்.ஏ. தொழிலுக்குப் படிப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம், எதிரில் இருப்பவர் கேட்டு முடிப்பதற்குள் "செஞ்சிடலாம்" என்று சொல்லத் தெரிந்தால் போதும். ஐந்து வருஷம் அந்தத் தொழிலில் இருந்தேன். அதற்கு முன்னால் பெரிய காஞ்சிபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதைத்தான் செய்கிறேன். நடுவில் வந்தது ஒரு காய்ச்சல் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்து, லிஃப்ட் நின்றதற்கெல்லாம் ஏச்சு வாங்கியவர்களே, சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கப் போய், சாம்பாரில் உப்பு இல்லாததற்குப் பதில் சொன்னவர்களே, உங்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். நாமெல்லாம் ஒரே கட்சி.

தறியில் உட்கார்ந்த வேட்பாளர்

எங்கள் ஊரில் தேர்தலில் நிற்கிறவர் ஒரு தறியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். வாலாஜாபாத் பக்கம் போனால் நாற்று நட வேண்டும், இங்கே நெய்ய வேண்டும். இரண்டிலும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். என் அச்சகத்தில் வேலை பார்த்த முனிரத்தினம்தான் அப்போது எனக்கு எல்லாம். பிறகு என் உதவியாளனாகவும் ஆனான். அவன் எனக்காகத் தேர்ந்தெடுத்தது கீழ்ப்பாவடித் தெருவில் தனகோட்டி அம்மா வீட்டை. ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறதாம்.

அந்த அம்மாவும் வீட்டுக்காரரும் பட்டு நெய்கிறவர்கள். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு, கீழே இருக்கும் மிதிகளை மாற்றி மாற்றி மிதித்து நெய்கிற குழித்தறி. இறங்கி உட்கார்ந்தேன். பங்குனி வெயிலிலும் குழிக்குள் கால் சில்லென்றது. சிரித்துக்கொண்டே இரண்டு மிதிகளையும் சேர்த்து அழுத்திவிட்டேன். பட் பட்டென்று ஏழெட்டு இழை அறுந்தது. கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். அந்த அம்மா மட்டும் தட்டவில்லை.

குழியில் ஏன் இவ்வளவு ஈரம் என்று கேட்டேன். கேட்காமலே வந்திருக்கலாம். மழைக்காலத்தில் தெருத்தண்ணீர் வீட்டுக்குள் இறங்கிக் குழியில் நிற்கிறது, ஒரு மழை பெய்தால் ஒரு மாதம் தறி ஓடாது, தறி ஓடாவிட்டால் அடுப்பும் எரியாது, தெரு முழுக்க இதே கதைதான் என்றார். தொழிலுக்குத் தேவையான அந்த ஒரு வார்த்தையை நான் அப்போதே சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அறுந்த இழைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இழைய நான் பிணைச்சிக்கறேன் சார். நீங்க தண்ணிய மட்டும் பாத்துக்குங்க."

ஐம்பது பொன்னாடை

ஜெயித்தேன். எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கே சரியாகத் தெரியாது.

பட்டுக்குப் பேர் போன ஊரில் எம்.எல்.ஏ.வுக்குப் போடுகிற பொன்னாடையில் ஒரு இழைகூடப் பட்டு இருக்காது என்பது பதவிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. முகூர்த்த நாள் என்றால் காலையிலேயே ஏழு கல்யாணம், இரண்டு காதுகுத்து. ஒவ்வொரு இடத்திலும் ஒரு சால்வை. பளபளவென்று இருக்கும், கழுத்து அரிக்கும். என் மனைவி முதலில் அடுக்கி வைத்தாள், பிறகு திணித்து வைத்தாள், கடைசியில் பீரோவைச் சாத்த முடியாமல் என்னைத் திட்டினாள்.

முதல் ஐப்பசி மழையில் தனகோட்டி அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். குழியில் தண்ணீர் நிற்கிறது, இறைத்துவிட்டாலும் ஈரம் போக மாட்டேன் என்கிறது, ஒற்றி எடுத்தால்தான் உண்டு என்றார். எனக்குக் கருணை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. வடிகாலுக்குத்தான் வழியில்லை, துணிக்குமா பஞ்சம்? வீட்டுக்கு ஆள் அனுப்பி ஐம்பது பொன்னாடைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டுவரச் சொன்னேன். தெருவுக்கே விநியோகம். முனிரத்தினத்திடம் போட்டோ எடுக்கவும் சொல்லிவிட்டேன். அந்த அம்மா மேலே இருந்த ஒன்றை எடுத்து விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். சின்ன வயசிலிருந்து பட்டைத் தொட்டுப் பழகிய விரல் அது.

"இது தண்ணி இழுக்காது சார். பழைய வேட்டி எதுனா இருந்தா குடுங்க."

மூன்று கடிதம், ஒரு நாற்காலி

எம்.எல்.ஏ.வின் லெட்டர்பேடுக்கு என்ன மதிப்பு என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. ஆனால் கேட்டு வந்தவர்களுக்கு அது இல்லாமல் தூக்கம் வராது. இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத ஆள் நான். பத்திரிகை அடிக்கிற காலத்திலேயே, மாமன் பேர் விட்டுப்போச்சு, அத்தை பேர் விட்டுப்போச்சு என்று கடைசி நிமிஷத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் இடம் பண்ணிக்கொடுத்த கை இது.

திருப்புட்குழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பஸ்ஸை விட்டு இறங்கினால் வாசல். அங்கே மாற்றல் வேண்டும், மாமியாருக்கு முடியவில்லை என்று ஓர் ஆசிரியை வந்தார். கடிதம் கொடுத்தேன். அடுத்த வாரம் வேறொரு ஆசிரியர், அதே பள்ளிக்கூடம், அதே பாடம், அவருக்கு முதுகுவலி. அவருக்கும் கொடுத்தேன். மூன்றாவது ஆளாக, ஏற்கெனவே அந்த இடத்தில் வேலை பார்க்கிற அம்மாவே வந்து, தன்னை யாரோ மாற்றப் பார்க்கிறார்கள் என்று அழுதார். மாற்றக் கூடாது என்று அவருக்கும் ஒரு கடிதம். மூன்று பேரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், அன்றைக்கெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். பத்து நாள் கழித்துக் கல்வித்துறை அதிகாரி ஒருவர் போன் செய்தார். மனுஷன் குரலை உயர்த்தவே இல்லை.

"மூணு பேருமே உங்களுக்கு வேண்டியவங்க, சரி சார். மூணு பேரும் ஒரே நாற்காலில எப்படி உக்காரணும்னு நாலாவதா ஒரு லெட்டர் போட்டு அனுப்புங்க."

ஐந்து நிமிஷம்

சட்டமன்றத்தில் பேச எனக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தது. கீழ்ப்பாவடித் தெருத் தண்ணீர்ப் பிரச்சினையை எழுப்பப் போகிறேன் என்று முனிரத்தினம் முன்கூட்டியே தெருவுக்குச் சொல்லிவிட்டான். தறியை நிறுத்திவிட்டு எல்லோரும் செல்போனை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்தார்களாம்.

நான் எழுதிக்கொண்டு போனது நாலு பக்கம். முதல் பக்கம் கட்சித் தலைவருக்கு நன்றி. இரண்டாவது பக்கம், அந்தத் தலைவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த எங்கள் மாவட்டச் செயலாளருக்கு நன்றி. அவரை நாங்கள் சுருக்கமாக 'மாவட்டம்' என்போம். மூன்றாவது பக்கம் எதிர்க்கட்சிக்கு நாலு குத்து, அது ரீல்ஸுக்காக. நாலாவது பக்கத்தில்தான் தண்ணீர். அதைப் புரட்டினேன், மணி அடித்தது, மைக் செத்துப்போனது. எனக்கு அது தெரியாது. தறிக்குழி, வடிகால், ஐப்பசி மழை என்று கையை ஆட்டி ஆட்டி முழுப் பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் பேசிய ஒரே நல்ல பேச்சு அதுதான், எனக்கு மட்டும்தான் கேட்டது.

ஊருக்குத் திரும்பியதும் கிழித்துத் தொங்கவிடப் போகிறார்கள் என்று பயந்துகொண்டே தெருவுக்குப் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தனகோட்டி அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"வாய் அசஞ்சிக்கினே இருந்தது சார். எங்க தெருவப் பத்திதான் பேசறீங்கன்னு நாங்களே புரிஞ்சிக்கினோம்."

பத்து நாளில் ஒரு ரோடு

கடைசி வருஷம். அடுத்த சித்திரையில் தேர்தல். அப்போது புரட்டாசி. தலைவர் எங்கள் ஊருக்கு வருகிறார், ஒரு நெசவாளர் தெருவுக்குள் போய்த் தறியைப் பார்க்கிறார் என்று மாவட்டம் போன் செய்தார். எந்தத் தெரு என்று கேட்டார். கீழ்ப்பாவடித் தெரு என்றேன். ரோடு எப்படி என்றார். சொன்னேன். பத்து நாளில் புது ரோடு போட்டுவிடு என்றார். எத்தனை மனு எழுதியும் அசையாத கோப்பு அன்று சாயங்காலமே கையெழுத்தாகி வந்தது.

அந்தத் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் பதவியில் இருந்த ஒவ்வொருத்தரும் பழைய ரோட்டைப் பேர்க்காமல் அதன் தலையிலேயே புது ரோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கெல்லாம் இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டும். மழைத்தண்ணீரும் அப்படித்தான் படி இறங்கிப் போகிறது. இன்ஜினியர் ஒரு சின்ன வயசுப் பெண், இதை எனக்குப் படம் வரைந்து காட்டினாள். பழசைச் சுரண்டி எடுக்க வேண்டும், மட்டம் பார்க்க வேண்டும், வடிகால் கட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் ரோடு, இரண்டு மாதம் ஆகும் என்றாள். பூமி பூஜை அன்று தனகோட்டி அம்மாவும் வந்து, மேலேயே போடுவதாக இருந்தால் ரோடே வேண்டாம் சார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவரிடம் சரி என்றேன். அந்தப் பக்கம் திரும்பி இன்ஜினியரிடம், மேலேயே போட்டுவிடும்மா என்றேன். நான்தான் சொன்னேன். இன்ஜினியர் மேலோ மாவட்டத்தின் மேலோ பழி போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பத்தாம் நாள் ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது. தெருவோரம் என் பெயர் போட்ட கல்வெட்டு. நான் மாலையோடு தனகோட்டி அம்மா வீட்டு வாசலில் நின்றேன், தலைவர் அங்கே இறங்குவதாக ஏற்பாடு. கார் வந்தது, வழுக்கிக்கொண்டு வந்தது, வந்த வேகத்திலேயே போயும் விட்டது. கண்ணாடிக்குள் ஒரு கை அசைந்த மாதிரி இருந்தது. மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் முனிரத்தினத்தைப் பார்த்தேன்.

"ரோடு குண்டும் குழியுமா இருந்திருந்தா கண்டிப்பா நின்னிருப்பாருண்ணா."

கடப்பாரை

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் காலையில் முனிரத்தினத்தை அழைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். நான் போட்ட ரோடு மட்டும் வரப்பு மாதிரி நடுவில் காய்ந்து கிடந்தது. இரண்டு பக்க வீடுகளிலும் முழங்கால் தண்ணீர். முந்தின வருஷங்களில் கணுக்கால்தான். தனகோட்டி அம்மா வீட்டில் தறிக்குழி எங்கே என்றே தெரியவில்லை. தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை, கார்த்திகை முதல் முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டியது. தண்ணீர் பட்டால் சாயம் இறங்கிவிடும், ஜரிகை கறுத்துவிடும். அவர் வீட்டுக்காரர் புடவையோடு பாவு நூலையும் கயிறு கட்டி மேலே இழுத்து, இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றார். தண்ணீருக்கும் பட்டுக்கும் நடுவில் நாலு விரல்தான் இருந்தது.

நான் குடையைப் பிடித்துக்கொண்டு யார் யாருக்கோ போன் செய்தேன். தண்ணீர் இறைக்கிற வண்டி வேறு பக்கம் போயிருக்கிறது, மத்தியானம் வரும் என்றார்கள். மத்தியானம் என்று நான் சொன்னதும் தனகோட்டி அம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். பக்கத்து வீட்டுக்குப் போய்க் கடப்பாரை வாங்கிவந்தார். தெரு தாழ்கிற இடத்தில், அந்தப் பக்கம் கால்வாய் இருக்கிற இடம் பார்த்து, என் ரோட்டின் மேல் ஒரு போடு போட்டார். இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒரு மாதம்கூட ஆகாத ரோடு, தோசை மாதிரி பெயர்ந்து வந்தது. குறுக்கே ஒரு முழ அகலத்துக்கு வெட்டியதும் தண்ணீர் சத்தத்தோடு ஓட ஆரம்பித்தது.

யாரோ அதை வீடியோ எடுத்து மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்து, அரசாங்கச் சொத்து, யார் உடைத்தது என்று கேட்டார். அதே நேரம் என் போனில் மாவட்டம். தலைவர் போன ரோட்டை உடைத்திருக்கிறார்கள், உன் பெயரில் புகார் கொடு, வேட்பாளர் பட்டியல் என் கையில்தான் இருக்கிறது என்றார். தனகோட்டி அம்மா கடப்பாரையை ஒளிக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நியாயத்தைப் பற்றி யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். சீட்டைப் பற்றித்தான் யோசித்தேன், ரொம்ப நேரம் யோசித்தேன். அப்போது வீட்டுக்குள் பார்த்தேன். தண்ணீர் இறங்கிக் குழியின் விளிம்பு தெரிந்தது. அந்த மனுஷர் பாவு நூலை மெல்ல இறக்கிவிட்டு, மரத்துப்போன கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். புடவை நனையவில்லை. மாவட்டத்தின் போனைக் கட் செய்தேன். உடைக்கச் சொன்னது நான்தான், என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் எதையும் எழுதாமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். நான் அந்தக் கல்வெட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தனகோட்டி அம்மா கடப்பாரையைக் கீழே வைத்தார்.

"அஞ்சு வருஷத்துல எங்க தெருவுக்கு நீங்க செஞ்சதுல இது ஒண்ணுதான் சார் உருப்படி."

புதியவர்

சீட்டு கிடைக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். வேறொருவர் நின்றார், ஜெயித்தார். முனிரத்தினம் மறுபடி அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறான், முன்னைவிட நன்றாகவே வெட்டுகிறான்.

இந்த வருஷம் மழை முடிந்து மார்கழி பிறந்த பிறகு தனகோட்டி அம்மா அச்சகத்துக்கு வந்தார், அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க. மாதிரிகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். அந்த வெட்டு அப்படியே இருக்கிறதாம். இந்த ஐப்பசி முழுக்கப் பெய்ததெல்லாம் அது வழியாக ஓடிப்போய்விட்டதாம். வண்டிகளை அந்த இடத்தில் தூக்கிப் போடுகிறதாம், போடட்டும். அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குழி காய்ந்திருந்த ஐப்பசி இதுதானாம். ஒரு நாள்கூடத் தறி நிற்கவில்லை என்று சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். போன வாரம் புது எம்.எல்.ஏ. தெருவுக்கு வந்தாராம். அவர் கார் அந்த வெட்டில் இறங்கி ஏறியதாம். உடனே இறங்கி வந்து, ஐயோ, இத்தனை நாள் இந்தப் பள்ளத்தோடா கஷ்டப்படுகிறீர்கள் என்று வருத்தப்பட்டாராம். வீட்டுக்குள் வந்தபோது செருப்பைக் கழற்றினாராம், தண்ணீர் வாங்கிக் குடித்தாராம், யார் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றெல்லாம் விசாரித்தாராம். பொங்கலுக்குள் பள்ளத்தை மூடி, தெரு முழுக்கப் புதுசாக ரோடு போட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்களாம். எங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதென்று நினைக்கிறீர்கள், எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு என்று கும்பிட்டாராம். பத்திரிகை மாதிரியை மேஜையில் வைத்துவிட்டுத் தனகோட்டி அம்மா என்னைப் பார்த்தார்.

"நல்ல புள்ளையாத்தான் இருக்குது சார். அதான் பயமா இருக்குது."

ஒரு தெருவுக்கு எம்.எல்.ஏ. செய்யக்கூடிய பெரிய உதவி அதன் பக்கமே போகாமல் இருப்பதுதான் என்று கற்றுக்கொள்ள எனக்கு முழுசாக ஐந்து வருஷம் ஆயிற்று, ஆனால் அதைச் சொல்லி ஓட்டுக் கேட்டு ஜெயிக்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை.